கார் செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட அவசரமாகக் கிளம்புகிறோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்கிறார். மெக்கானிக்கும் போனிலேயே அதைத்தான் சொல்கிறார். பல நேரம் அது சரியாகவே இருக்கும். சரியில்லாத நேரங்களில்தான் புது பேட்டரிக்குப் பணம் கொடுத்த பிறகும் பழைய கோளாறு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. சின்ன பெட்ரோல் கார். மூன்று வருடம் உழைத்த பேட்டரியை மாற்றினேன். ஏழே மாதத்தில் மறுபடி அதே 'டக்'. வாரண்டியில் வேறொன்று கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அதுவும் படுத்தது. இந்தப் பதினொரு மாதத்தில் எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்பதைக் கீழே அதற்கான இடத்தில் சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தது.

பேட்டரி செய்வது எது, ஆல்டர்நேட்டர் செய்வது எது

பேட்டரியின் முக்கிய வேலை செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவது. சின்ன பெட்ரோல் எஞ்சின் 150 ஆம்ப் வீதம் இரண்டு விநாடி இழுத்தால்கூட செலவாவது 0.1 ஏ.ஹெச்.-க்கும் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) குறைவு. 35 ஏ.ஹெச். பேட்டரியில் அது ஒரு கரண்டி. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஹெட்லைட், ஏ.சி. ஃபேன், மியூசிக் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது ஆல்டர்நேட்டர். மிச்சத்தில் பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. பழைய மெக்கானிக்குகள் இதை இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். அம்பாசிடர் காலத்துப் பழக்கம். சென்னை பாடிப் பக்கம் 'லூகாஸ்' என்று பஸ் ஸ்டாப்பையே அடையாளம் சொல்கிறார்களே, அந்தப் பெயருக்குக் காரணமான தொழிற்சாலை ஆல்டர்நேட்டரும் செல்ஃப் மோட்டாரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்.தான்.

ஆக, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு இந்தப் பக்கத்தில் நான்கு காரணங்கள்தான் இருக்க முடியும். பேட்டரியால் சார்ஜைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஆல்டர்நேட்டர் கொடுக்கவில்லை. கொடுப்பது பேட்டரிக்கு வந்து சேரவில்லை. அல்லது, சேர்ந்தது வண்டி நிற்கும்போது கசிந்து போகிறது. கீழே உள்ள ஒவ்வொரு அளவும் இந்த நான்கில் ஒன்றைப் பிடிப்பதற்காக எடுப்பது.

தொடங்கும் முன்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்ட்டில் 20 என்ற இடத்தில் திருப்பி வையுங்கள். அதில் பழைய 9 வோல்ட் பேட்டரி இருந்தால் முதலில் மாற்றுங்கள். அது தளர்ந்தால் மீட்டர் அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் கழற்றிவிடுங்கள். பிளஸ் டெர்மினலில் இருக்கும் ஸ்பேனர் மறுமுனையில் பாடியைத் தொட்டால் பொறி பறக்கும், ஸ்பேனரே சிவந்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். துப்பட்டா, தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு இவற்றோடு ஓடும் பெல்ட்டுக்கு மேலே குனியாதீர்கள். இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்ப்பது ஒரு பழைய வழக்கம். இன்றைய வண்டியில் அதைச் செய்யவே கூடாது. பேட்டரி இல்லாத நொடியில் வோல்ட்டேஜ் தாறுமாறாக எகிறும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வும், ஆல்டர்நேட்டரின் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடுகளும் சேர்ந்தே போகலாம். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

1. முதலில் கண்ணும் காதும்

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 'டக டக டக' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. 'ர்ர்ர்... ர்ர்ர்' என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலும் அதே குடும்பம்தான். ஒரே ஒரு 'டக்', ஆனால் ஹெட்லைட் மங்காமல் பளிச்சென்று எரிகிறது என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் அல்லது அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு பக்கம் போக வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் அது பெட்ரோல், ஸ்பார்க் சமாச்சாரம். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

அடுத்து பானட்டைத் திறங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பொடி பூத்திருந்தால் முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸ். வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து பழைய டூத் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரி மூடி ஓட்டைகளுக்குள் அந்தத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்து, மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். கையால் திருகினால் டெர்மினல் அசையக்கூடாது.

பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ அந்தப் பேட்டரிக்கு மேற்கொண்டு சோதனை வேண்டாம். அது போய்விட்டது. ஏன் போனது என்பதை மட்டும், எஞ்சின் ஓடும்போது எடுக்கும் அளவில் (4-வது பகுதி) பாருங்கள். தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் மூடிகளைத் திறந்து பாருங்கள். பிளேட்டுகளுக்கு மேலே சுமார் 10 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம்.

2. வண்டி நிற்கும்போது எத்தனை வோல்ட்?

ராத்திரி நிறுத்திய வண்டியை, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே பானட்டைத் திறந்து அளக்க முடிந்தால் அதுதான் உத்தமம். பானட் லிவர் உள்ளே இருக்கிறது, கதவைத் திறந்துதான் ஆக வேண்டும் என்பீர்கள். சரி, திறந்துவிட்டு விளக்குகள் அணையும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்த வண்டி என்றால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து அளவெடுங்கள்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 கால் பங்கு. 11.8-க்குக் கீழே காலி. ஆச்சரியமாக இருக்கும், முழுசுக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை. அதனால்தான் 'பன்னிரண்டு வோல்ட் காட்டுது, பேட்டரி நல்லாயிருக்கு' என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. பன்னிரண்டு என்பது கிட்டத்தட்ட காலி பேட்டரி.

நன்றாக சார்ஜ் செய்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட், ஐந்து செல்லுக்குக் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. மூடி திறக்கும் பேட்டரியில் ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டும் பார்க்கலாம். ஐந்து செல்லில் 1.250 என்று காட்டி ஒன்றில் மட்டும் 1.200-க்குக் கீழே போனால் அதுதான் அந்தச் செல்.

அளவு 12.4-க்குக் கீழே இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகும் முன் பேட்டரியைச் சார்ஜரில் போடுங்கள். 35 ஏ.ஹெச். பேட்டரி என்றால் மூன்று, மூன்றரை ஆம்பில் ராத்திரி முழுக்க. பாதிக் காலியான பேட்டரியை லோடு டெஸ்டரில் (பேட்டரியிலிருந்து அதிக கரண்டை இழுத்துப் பார்க்கும் கருவி) வைத்து 'ஃபெயில்' என்று தீர்ப்பு சொல்வதுதான் நான் கடைகளில் அதிகம் பார்த்த தப்பு. பசியோடு இருப்பவனை ஓடச்சொல்லி நெஞ்சு பலவீனம் என்று சொல்வது போல அது.

3. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது?

மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் மேலே நிற்கும் ஈயக் கம்பங்களிலேயே வையுங்கள், அவற்றைக் கவ்வும் வயர் கிளாம்பில் அல்ல. இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்ல பேட்டரி. 9.6-க்குக் கீழே போனால், அதுவும் முழு சார்ஜில் இருந்தே போனால், பேட்டரி தளர்ந்துவிட்டது. இந்த 9.6 மிதமான குளிர்ச்சியில் எடுக்கும் கணக்கு. நம் ஊர் வெயிலில் நல்ல பேட்டரி இதைவிடத் தாராளமாக நிற்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால், பேட்டரி கொடுக்கத் தயார், வழியில் தடை. வயரையோ, பேட்டரி மைனஸை பாடியோடும் எஞ்சினோடும் இணைக்கும் எர்த்தையோ தேட வேண்டும்.

4. எஞ்சின் ஓடும்போது: ஆல்டர்நேட்டரின் கணக்கு

ஸ்டார்ட் செய்யும் முன் இக்னிஷன் ஆன் நிலையில் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்து, எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டிகளில் ஆல்டர்நேட்டரைத் தூண்டிவிடும் கரண்டே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போகலாம். ஓடும்போது மங்கலாகச் சிவந்து தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு டயோடில், அல்லது சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில்.

இப்போது பேட்டரி டெர்மினலில் மீட்டர். ஐடிலிங்கில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நிம்மதி. அடுத்து ஹெட்லைட் ஹை பீம், ஏ.சி. ஃபேன் முழு வேகம், பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதுவும் போட்டு, ஆக்சிலரேட்டரை 1500 - 2000 ஆர்.பி.எம். வரை கொடுங்கள். 13.5-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஒன்றும் போடாதபோது 14.2 காட்டி, எல்லாம் போட்டதும் 12.6-க்கு விழும் ஆல்டர்நேட்டர் நோயாளிதான். பகலில் ஓட்டும்போது தெரியாது, மழை பெய்யும் ராத்திரியில் கைவிடும். எஞ்சின் ஓடும்போதும் பேட்டரியின் பழைய 12.4-ஏ அசையாமல் நின்று மெதுவாக இறங்கினால் சார்ஜே இல்லை. 15-க்கு மேலே போனால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் ஆவதும், பேட்டரித் தண்ணீர் மாதா மாதம் குறைவதும் இதற்கு அடையாளம். அந்த நிலையில் வண்டியைத் தூரம் ஓட்டாதீர்கள்.

கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி வந்த பிறகு அளந்தால் 13.6, 13.7 காட்டலாம். சூடு ஏறினால் வோல்ட்டேஜைக் குறைப்பது ரெகுலேட்டரின் வேலை. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சமீப ஆண்டுகளில் வந்த பல வண்டிகளில் எப்போது எவ்வளவு சார்ஜ் என்பதை இ.சி.யு.தான் முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் நிதானமாக ஓடும்போது 12.8 காட்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.8 வரை ஏறும். இது பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. ஹெட்லைட்டைப் போட்டு, கொஞ்சம் ஓட்டி, ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் போன்றவற்றில் ஆல்டர்நேட்டர் இருக்கும் இடத்தில் பெல்ட்டால் ஓடும் ஐ.எஸ்.ஜி. (ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் சேர்ந்த மோட்டார்) இருக்கும். அதைச் சாதாரண டைனமோ மாதிரி பிரித்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள். ஸ்கேனரில் போட்டுப் பார்ப்பதே முறை.

5. சார்ஜ் குறைவா? ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன்

முதலில் பெல்ட். எஞ்சினை அணைத்துவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கையால் இறுக்கம் வைக்கும் வகையில் 10 மி.மீ. அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளக்கக் கூடாது. உள்பக்கம் கண்ணாடி போல மினுங்கினால் வழுக்குகிறது. மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீ...ச்' என்று கத்துவது அந்த வழுக்கல்தான். பிறகு பேட்டரிக்கு அருகில் இருக்கும் பெரிய ஃப்யூஸ். அது போயிருந்தால் ஆல்டர்நேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

இனி என் வண்டிக்கு வருகிறேன். பேட்டரியில் அளந்தால் ஹெட்லைட் போட்ட நிலையில் 12.9. எல்லோரும் ஆல்டர்நேட்டரைக் கைகாட்டினார்கள். ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் மட்டும், கையில் இருந்த பீடியை அணைத்துவிட்டு, மீட்டரை ஆல்டர்நேட்டரின் பின்பக்கக் கனத்த வயர் போல்ட்டிலும் அதன் உடம்பிலும் வைத்தார். 14.1. "டைனமோ குடுக்குதுங்க. வழியில யாரோ சாப்புடுறான்" என்றார்.

அவர் அடுத்துச் செய்ததைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடட்டும், விளக்குகள் எரியட்டும். மீட்டரின் ஒரு முனை ஆல்டர்நேட்டர் பிளஸ் போல்ட்டில், மறுமுனை பேட்டரி பிளஸில். 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். என் வண்டியில் 0.1. பிறகு ஒரு முனை ஆல்டர்நேட்டர் உடம்பில், மறுமுனை பேட்டரி மைனஸில். இங்கேயும் 0.2-க்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 1.1.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் வயர். கியர்பாக்ஸுக்குக் கீழே, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும் இடம். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கின் வாயில் பச்சைப் பொடி, பின்னலில் பாதி இழை கறுத்து முறிந்து இரண்டு விரலில் உதிர்ந்தது. செல்ஃப் அடித்த பிறகு கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் வழி கிடைக்காத கரண்ட் கேபிளின் எஃகு வழியாகப் பாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டர் தன் வாசலில் 14.1 இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்திருக்கிறது. பேட்டரியோ பதினொரு மாதமாக அரை வயிற்றோடு கிடந்திருக்கிறது. புது எர்த் வயர் போட்டு, இரும்பு பளபளக்கத் தேய்த்து இறுக்கியதும் பேட்டரியில் 14.0 வந்தது. கடைசியாகப் போட்ட அந்தப் பேட்டரியே சார்ஜ் செய்தபின் மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது.

அதே முறையைச் செல்ஃப் பக்கமும் செய்யலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேடுங்கள்.

ஆல்டர்நேட்டர் போல்ட்டிலேயே வோல்ட்டேஜ் குறைவு என்றால்தான் குற்றம் அதனுடையது. அப்போதும் முழுசாக மாற்ற அவசரப்பட வேண்டாம். அதன் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டும்போது சார்ஜ் வந்து வந்து போனால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் தனியாகக் கிடைக்கும், நல்ல எலெக்ட்ரீஷியன் அரை நாளில் மாற்றிவிடுவார். மீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்) வோல்ட்டுக்குத் திருப்பி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது. சில மலிவு மீட்டர்கள் டி.சி.யையும் சேர்த்துக் குழப்பும். எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஏ.சி.யில் ஏதாவது பெரிய எண் காட்டினால் அந்த மீட்டரை இதற்கு நம்பாதீர்கள்.

6. எல்லாம் சரி, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் படுத்துவிடுகிறது

பூட்டிய வண்டியும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் பெட்டி. 50 மில்லிஆம்ப் வரை இயல்பு. ஒரு நாளுக்கு 1.2 ஏ.ஹெச். 35 ஏ.ஹெச். பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகும். வெளிநாடு போய் ஒரு மாதம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாததில் வியப்பில்லை. அதே வண்டியில் 300 மில்லிஆம்ப் கசிந்தால் ஒரு நாளுக்கு 7.2 ஏ.ஹெச். மூன்றாம் நாள் காலை 'டக்'.

அளக்கும் முறை: பானட்டைத் திறந்து வைத்து, கதவு லாக்கின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைக்கும். கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து அதைத் திருப்பி விடுவிக்க மறக்காதீர்கள். மீட்டரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை மைனஸ் கிளாம்பிலும் பிடித்துக்கொண்டே கிளாம்பைத் தூக்குங்கள். இணைப்பு அறுந்தால் எல்லாப் பெட்டிகளும் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், சென்ட்ரல் லாக்கைத் தொடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

முதலில் பல ஆம்ப் காட்டும். பொறுமையாக இருங்கள், வண்டி தூங்க அரை மணி நேரமாவது கொடுங்கள். அப்புறமும் இறங்கவில்லையென்றால் கசிவு உண்டு. ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்ததும் எண் விழுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, ஃப்யூஸை எடுக்காமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளப்பது. கரண்ட் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும். ஓடுவது சின்னதாக ஒரு எண் காட்டும். வண்டியும் விழிக்காது.

நான் பார்த்தவரை பாதிக்கு மேல் வெளியில் போட்ட சாமான்கள்தான்: இக்னிஷனில் சேர்க்காமல் நேரே பேட்டரியில் கொடுத்த மியூசிக் சிஸ்டம், டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர். அணையாத டிக்கி விளக்கு ஒன்று. எந்த ஃப்யூஸை எடுத்தும் குறையவில்லையென்றால் ஆல்டர்நேட்டரைச் சந்தேகியுங்கள். கசியும் டயோடு ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குடிக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றி, ஆல்டர்நேட்டரின் கனத்த வயரை எடுத்து டேப் சுற்றிவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

7. புது பேட்டரிதான் முடிவு என்றால்

மூன்று, நான்கு வருடம் ஆன பேட்டரி, முழு சார்ஜிலும் செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்கு விழுகிறது, ஆல்டர்நேட்டரும் எர்த்தும் சரி. அப்படியென்றால் மாற்றுங்கள், தயங்காதீர்கள். பேட்டரியைக் கொல்வது குளிரைவிட வெயில்தான். குளிரில் அது படுப்பது தெரியும், வெயிலில் தேய்வது தெரியாது.

பழைய பேட்டரியின் எண்ணைப் பார்த்து அதே அளவு வாங்குங்கள். 38பி20எல் என்று இருந்தால் கடைசி எழுத்து முக்கியம். அது டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. எல்-க்குப் பதில் ஆர் வாங்கினால் வயர் எட்டாது. பழையதைக் கடையிலேயே கொடுத்து அதன் ஈய மதிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டு உருக்குகிற இடங்களில் ஈயப்புகை குழந்தைகளின் உடம்பில் ஏறுகிறது.

மாட்டி முடித்ததும், பில் வாங்கும் முன், கடை வாசலிலேயே மூன்று அளவையும் எடுங்கள்: நிற்கும்போது, செல்ஃப் அடிக்கும்போது, விளக்கெல்லாம் போட்டு ஓடும்போது. தேதியோடு ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பேட்டரியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என் வண்டியில் இப்போது ஒட்டியிருப்பது 12.7, 10.9, 14.1. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்குக் கீழே புது வரி எழுதுகிறேன்.